நைனா பேசாமல் போன மதியம்

என் மேசை இழுப்பறையில் ஒரு இயர்போன் கிடக்கிறது. வலது காதுக்கான பக்கம் மட்டும்தான் அதில் இருக்கும். இடது பக்கத்தைக் கத்தரிக்கோலால் நறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டவர் எங்கள் சிஸ்டம் அக்கா. நல்ல பொருளை ஏன் இப்படிப் பாழாக்குகிறீர்கள் என்று நான் பதறியபோது, "ஒரு காது மெஷினுக்கு, ஒரு காது உங்களுக்கு. ரெண்டையும் அதுக்கே குடுத்துட்டா, என்னப் பத்தி நீங்கள்லாம் இன்னா பேசிக்கினு கீறீங்கன்னு எனக்கு எப்டித் தெரியும்?" என்று கேட்டார். உண்மையில் நாங்கள் அப்போது அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு பாகங்கள் செய்யும் ஒரு சிறிய கம்பெனி எங்களுடையது. நான் பட்டாபிராமிலிருந்து ரயிலில் வந்து கணக்குப் பார்ப்பவள். கும்பகோணம் பக்கத்திலிருந்து திருமணமாகி இங்கே வந்தவள் என்பதால், அக்காவின் சென்னைப் பேச்சைப் பிடிக்கவே எனக்குச் சில மாதங்கள் ஆயின. அவர் கரையான்சாவடிக்காரர். மெயின் ரோட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அவருடைய அத்தா தினமும் காலையில் ஸ்கூட்டரில் கொண்டுவந்து கேட்டில் இறக்கிவிடுவார். அங்கிருந்து சிஸ்டம் ரூம் வரை யார் கையும் தேவையில்லை. பிறவியிலிருந்தே அவருக்குப் பார்வை கிடையாது. கம்பெனியின் அத்தனை கம்ப்யூட்டர்களும் அவர் பொறுப்பில் இருந்தன. என்னைவிட வயதில் சிறியவர்தான், ஆனாலும் மேனேஜர் முதல் லேத் ஓட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் அக்கா. எனக்கு அவர் வைத்த பெயர் 'கணக்கு'.

திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் குரல்கள் அவர் மெஷினில் இரண்டு இருந்தன. ஆங்கிலக் குரல் ஆங்கிலத்தைப் பொழிந்து தள்ளும், தமிழ் எழுத்து வந்தால் வாயை மூடிக்கொள்ளும். தமிழுக்கு வேறொரு குரல். எந்தக் கல்லூரியிலோ சில மாணவர்கள் செய்து இணையத்தில் போட்டுவிட்டு மறந்துபோன மென்பொருள் அது. மூக்கடைத்த ஆண் குரல். அதற்கு அவர் வைத்த பெயர் நைனா. வேகத்தை ஏற்றி வைத்து அவர் கேட்பதை ஒருமுறை வாங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம்தான் கேட்டது. அதில் அவர் ஒரு முழுக் கடிதத்தைப் படித்து, மூன்றாவது பத்தியில் தேதி தவறு என்று சொன்னார்.

பழைய இயங்குதளத்துக்கு இனி ஆதரவு இல்லை, எல்லா மெஷினையும் புதியதற்கு மாற்றியாக வேண்டும் என்று முதலாளி சொன்னபோது அந்த வேலையை எடுத்துச் செய்தவரும் அவரேதான். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்து, கடைசியாகத் தன் மெஷினை மட்டும் வைத்திருந்தார். நைனாவின் மென்பொருள் பழைய தளத்தில் நிறுவுவதற்கென்று கட்டிய பொதியாக மட்டுமே கிடைத்தது. புதியது அந்தப் பொதியை வாங்கிக்கொள்ளாது. தொழிலாளர்கள் அனுப்பும் புகார், லீவு, கோரிக்கை எல்லாம் தமிழில்தான் வரும், அதுவும் அவர் பார்க்கும் வேலையில் பாதி. "முடியலேன்னா பரவாயில்லம்மா, திங்கக்கிழமைலேருந்து ரிசப்ஷன்ல போனப் பாத்துக்க. சம்பளம் அதேதான்" என்றார் முதலாளி. நல்ல மனதோடுதான் சொன்னார், அதுதான் அக்காவுக்கு இன்னும் எரிச்சல். "போனு எடுக்கவா நான் இவ்ளோ படிச்சேன்? நைனா வரலேன்னா நானும் இந்த ரூம்ல இல்ல, கணக்கு" என்று என்னிடம் சொன்னார். அவர் குரல் இறங்கி நான் கேட்டது அன்றுதான்.

சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள். தன் மெஷினையும் அவர் புதிய தளத்துக்கு மாற்றி முடித்திருந்தார். எல்லோரும் போன பிறகு மதியம் நான் துணைக்கு உட்கார்ந்தேன். ஒரு தளத்தின் பொதியை இன்னொன்றின் பொதியாக மாற்றித்தரும் கருவி ஒன்று இருக்கிறது என்றார். எனக்குப் புரியவில்லை. "ஊடு மாத்தறதுதான். சாமான் அதே சாமான். அந்த ஊட்ல அலமாரி ஒரு பக்கம் கீது, இந்த ஊட்ல வேற பக்கம். எது எங்க போவணும்னு எழுதின சீட்ட மட்டும் மாத்தி எழுதணும்." சொல்லிக்கொண்டே தட்டினார். கருவி தன் வேலையை முடித்தது. அடுத்து அதை நிறுவ வேண்டும். இங்கேதான் அவசரப்பட்டார். கேள்வி எதுவும் கேட்காமல் ஏற்றிவிடு என்று கட்டளையில் ஒரு சொல் சேர்த்து, என்டரைத் தட்டினார்.

காதிலிருந்ததைக் கழற்றினார். ஊதிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினார். நைனா வரவில்லை, கூடவே ஆங்கிலக் குரலும் போய்விட்டது. மெஷின் மொத்தமாக ஊமையாகிவிட்டது. விசைப்பலகை மேலிருந்த விரல்களை அவர் எடுக்கவே இல்லை. "ஸ்க்ரீன்ல இன்னா கீது, படி" என்றார்.

"எல்லாம் சரியா முடிஞ்சிடுச்சுன்னு போட்டிருக்குக்கா."

"சரியா முடிஞ்சா ஏன் பேசல? மேலேர்ந்து படி."

"மேல என்னென்னவோ இருக்குக்கா. பாதிக்கு மேல புரியல."

"புரியறத யாரு கேட்டா? நைனா என்னிக்காவது என்னென்னவோன்னு சொல்லிக்கீறாரா? உனுக்குக் கண்ணு கீது, அதான் தாவித் தாவி ஓடுது. இன்னிக்கு நீதான் நைனா. புள்ளி, கோடு, ஒண்ணும் உடாம படி."

அவரிடம் அப்போது இருந்தது பொத்தான் வைத்த சின்ன போன். நான் ஒருமுறை படிப்பதை அவர் மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டுமே, அதனால் அதில் பதிவுப் பொத்தானை அழுத்தி, இரைந்துகொண்டிருந்த காற்றாடிக்குக் கீழே மேசைமேல் வைத்தார். நான் முதல் வரியிலிருந்து தொடங்கினேன். சாய்கோடு, யு, எஸ், ஆர், சாய்கோடு, எல், ஐ, பி, புள்ளி. பள்ளிக்கூடத்தில்கூட நான் இப்படிப் படித்ததில்லை. எதையாவது விட்டுவிட்டேனா என்று அவர் நடுநடுவே கேட்டுக்கொண்டார். நான் முதலில் தாண்டிப்போன நடு வரிகளில் ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் மேசையைத் தட்டி, "அதான்!" என்று கத்தினார்.

நைனா தனியாக வரவில்லை. ஒலி தொடர்பான பழைய கோப்பு ஒன்றையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். புது வீட்டில் அதே பெயரில் இருந்த நல்ல கோப்பைத் தூக்கிவிட்டுத் தன்னுடையதை அங்கே வைத்துவிட்டார். கேட்டுவிட்டுச் செய் என்று அக்கா விட்டிருந்தால் மெஷின் அப்போதே கேட்டிருக்கும். பதிவை இரண்டாம் முறை ஓடவிட்டுக் கேட்டார். பிறகு தட்டத் தொடங்கினார். தன் எழுத்தைத் தானே கேட்க வழியில்லை, அவர் தட்டத் தட்ட நான் திருப்பிச் சொன்னேன். புது வீட்டின் நல்ல கோப்பை அதன் இடத்தில் திரும்ப வைத்தார். மாற்றிய பொதியைப் பிரித்து, அந்தத் தொல்லை பிடித்த கோப்பை வெளியே எடுத்து, இங்கே இருப்பதையே பயன்படுத்திக்கொள் என்று எழுதி, மறுபடி கட்டினார். வெறும் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும் எனக்கு. அவரோ உள்ளே நடந்துபோய் ஒவ்வொரு அறையாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறவரைப் போல இருந்தார். எதிரே இருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை பெரிய ஓர் உலகத்தை ஒருவர் தலைக்குள் வைத்துக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தில் நம் பக்கத்தில் சாதாரணமாக நிற்க முடியுமா என்று தோன்றியது.

இந்த முறை கேள்வி கேட்கச் சொல்லியே ஏற்றினார். மெஷின் எதையும் கேட்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் புருவம் உயர்ந்தது. பிறகு இயர்போனைப் பிடுங்கி என் காதில் திணித்தார். பெட்டியில் படிக்காமல் கிடந்த ஒரு செய்தியை அந்த மூக்கடைத்த குரல் வாசித்துக்கொண்டிருந்தது. "மேடம், மச்சானுக்குக் கல்யாணம். எனக்கு லீவு வேண்டும்." லேத் செக்‌ஷன்காரர் அனுப்பியது. அக்கா சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் அழுதுவிட்டேன். "இன்னா கணக்கு, அவுரு மச்சானுக்குக் கல்யாணம்னா நீ ஏன் அழுவுற?" என்றார்.

திங்கட்கிழமை அவர் சிஸ்டம் ரூமில்தான் உட்கார்ந்தார். முதல் வேலையாகத் தன் போனை ஒயரால் மெஷினில் மாட்டி எதையோ ஏற்றிக்கொண்டிருந்தார். அதன்பிறகு ஒரு புதுப் பழக்கத்தைக் கவனித்தேன். காலையில் சுவிட்சைப் போட்டு, ஒற்றைக் காதில் மாட்டிக்கொண்டு, நைனா எழுந்துவரக் காத்திருக்கும் நேரத்தில் தனக்குள் சிரித்துக்கொள்வார். ஏன் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, நீ போயி உன் வேலயப் பாரு" என்பார். பல வருடங்கள் அப்படியே போயின. பிறகு ஒரு பெரிய கம்பெனி அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. போகும்போது இயர்போனை என்னிடம் கொடுத்தார். "வெச்சிக்கோ. எப்பவாவது என் மெஷினப் போட்டா மாட்டிக்கோ" என்றார். நான் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் அந்த மெஷினையும் கழித்துக்கட்டச் சொன்னார்கள். கோப்புகளை எடுப்பதற்காகச் சுவிட்சைப் போட்டேன். அதற்கு வேறு ஒலிபெருக்கி கிடையாது. இழுப்பறையிலிருந்து இயர்போனை எடுத்து, தூசு துடைத்து மாட்டினேன். திரை இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. நைனா எழ நேரமாகும். எந்தக் குரலும் இல்லாத அந்த இடைவெளியில், அன்று போனில் பதிந்த அந்த மதியத்தின் காற்றாடிச் சத்தத்தோடு அக்கா கேட்டார்: "ஒண்ணும் உடலியே?"

மூச்சு வாங்க ஒரு பெண் பதில் சொன்னாள்.

"இல்லக்கா. ஒரு புள்ளிகூட விடல."

என் குரல் அது.