பதினோரு மாதத்தில் ஒரு நுழைவுத் தேர்வு

எங்கள் மகளுக்குப் பதினோரு மாதம் ஆனபோது, அவளுடைய கல்லூரிப் படிப்புக்குச் சேமிக்கத் தொடங்கிவிட வேண்டும் என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். அவள் அப்போது நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். கள்ளிக்குப்பத்தில் இரண்டாவது மாடியில் வாடகை வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு உதிரி பாகங்களை அளந்து பார்க்கும் வேலை எனக்கு. அளவு மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்டவன்தான் இதைச் செய்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை, குக்கர் விசிலுக்குக் காத்திருந்த நேரத்தில், போனில் ‘குழந்தையின் கல்லூரிப் படிப்புக்குச் சிறந்த சேமிப்புத் திட்டம்’ என்று தேடினேன். முதலில் வந்த பக்கம், அமெரிக்காவில் எந்த மாநிலத்தில் வசிக்கிறீர்கள் என்று கேட்டது. அடுத்தது, பத்துச் சிறந்த திட்டங்கள் என்று தலைப்புப் போட்டுவிட்டுப் பதினான்கைச் சொன்னது. மூன்றாவதில்தான் மாதம் எவ்வளவு சேமிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் படிவம் இருந்தது. மகளின் பெயர், என் போன் நம்பர் எல்லாம் கொடுத்தேன். ‘மாணவரின் வயது’ என்று ஒரு கட்டம். நாலு பல் முளைத்த குழந்தையை யாராவது மாணவர் என்பார்களா? கல்லூரியில் சேரும்போது என்ன வயதோ அதைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துப் பதினேழு என்று போட்டேன்.

வந்த விடையைப் பார்த்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாதாமாதம் என் சம்பளத்தைப் போல எட்டு மடங்கு சேமிக்க வேண்டுமாம். ஊரில் மற்றவர்கள் எல்லாம் எப்படித்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள் என்று பேருந்தில் எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போனேன். மனைவிதான் போனை வாங்கிப் பார்த்து, கேட்டது இப்போதைய வயதை என்று தவறைக் கண்டுபிடித்தாள். அதற்குள் அழைப்புகள் வர ஆரம்பித்துவிட்டன.

“ஸ்டூடண்டோட அப்பாங்களா சார்? பொண்ணு எந்த குரூப்?”

“குரூப்பா? அவ இன்னும் நடக்கவே ஆரம்பிக்கலைங்க.”

“கவலைப்படாதீங்க சார். எவ்ளோ வீக்கா இருந்தாலும் நாங்க தூக்கி விட்ருவோம்.”

நாளுக்கு ஆறேழு முறை. எல்லாம் அந்தப் படிவத்தை வைத்திருந்த ஒரே நுழைவுத் தேர்வுப் பயிற்சி நிலையத்திலிருந்து, வேறு வேறு குரலில். புதன்கிழமை போனுக்கே ஹால் டிக்கெட் வந்துவிட்டது. ஞாயிறன்று வானகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் உதவித்தொகைக்கான நுழைவுத் தேர்வு. மகளின் பெயர் பிழையில்லாமல் இருந்தது. பட்டியலிலிருந்து என் நம்பரை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். “நேர்ல வந்து டெஸ்க்ல சொல்லுங்க சார், எடுத்துடுவாங்க” என்றது குரல்.

ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்த கையோடு ஆட்டோ பிடித்தோம். ஆட்டோக்காரர் விவரம் கேட்டுவிட்டுக் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

“இன்னா சார், கைக்கொழந்தைய தூக்கினு பரீட்சைக்கா போறீங்கோ? நம்ம பையன் பத்தாவது படிக்கிறான், எய்ந்திருக்கவே மாட்றான்!”

மண்டப வாசலில் மேசை போட்டு ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டாள். பிறகு தன் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். மகளின் பெயருக்கு எதிரே இரண்டே பொத்தான்கள்: ‘வந்தார்’, ‘வரவில்லை’.

“வரலைன்னு போட்டா அடுத்த வாரம் திரும்பக் கூப்பிடுவாங்க சார். வந்தாங்கன்னு போட்டா எழுதியாகணும்.”

“எழுதிட்டா கூப்பிட மாட்டாங்களா?” என்று மனைவி கேட்டாள்.

“ரிசல்ட் மெசேஜ் ஒண்ணு வரும் மேடம். அதோட சரி.”

மனைவி யோசிக்கவே இல்லை. “உள்ள தூக்கிட்டுப் போங்க” என்று குழந்தையை என்னிடம் கொடுத்தாள்.

தேர்வு அறையில் மேற்பார்வையாளர் ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பேரன்ட்ஸ் உள்ள வரக்கூடாது சார்.”

“அவளால தனியா பெஞ்சில உக்கார முடியாதுங்க.”

கொஞ்ச நேரம் ஆழமாக யோசித்தார். “சரி, உக்காருங்க. ஆனா நீங்க எதுவும் சொல்லித் தரக் கூடாது.”

வட்டங்களைக் கறுப்பாக்க வேண்டிய விடைத்தாளை அவள் முன்னால் வைத்தார். அவள் பேனாவை முதலில் வாயில் வைத்துச் சப்பினாள். பிறகு உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துத் தாளைக் குத்தத் தொடங்கினாள். கிழிந்துவிடாமல் நான் ஓரங்களைப் பிடித்துக்கொண்டேன். முதல் கேள்வி வெர்னியர் அளவியைப் பற்றியது. பதினைந்து வருடமாக என் கையில் இருக்கிற கருவி. விடை எனக்குத் தெரியும். விரல் துடித்தது. மேற்பார்வையாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டேன். பக்கத்து வரிசையில் ஒரு மாணவி எங்கள் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“அங்க என்ன பார்வை? அவங்கவங்க பேப்பரைப் பாருங்க” என்று அவளுக்குத் திட்டு விழுந்தது.

அரை மணி நேரத்தில் மகள் விடைத்தாளின் மேலேயே தூங்கிப்போனாள். எச்சில் பட்ட இடத்தைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்து ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தேன். மற்ற பெற்றோர்களோடு காத்திருந்த மனைவியிடம் ஒரு அம்மா விசாரித்துக்கொண்டிருந்தார்.

“உங்க பொண்ணு எந்த ஸ்கூல்?”

“இன்னும் ஸ்கூல்ல சேக்கலைங்க.”

“ஓ, வீட்லயே படிக்க வைக்கிறீங்களா? அதான் நல்லதுங்க” என்றார் அந்த அம்மா, உண்மையான மரியாதையோடு.

அழைப்புகள் நின்றுவிட்டன. வியாழக்கிழமை முடிவு வந்தது. எங்கள் மகளுக்கு வாழ்த்துகள். இரண்டாண்டுப் பயிற்சிக் கட்டணத்தில் நாற்பது சதவீதச் சலுகை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. செய்தியை இரண்டு முறை படித்தாள்.

“நாப்பதுதானா?”

“அவ தூங்கிட்டாம்மா.”

“நீங்க தட்டி எழுப்பியிருக்கலாம் இல்ல?” அவளுக்கு நிஜமாகவே வருத்தம். சொன்னால் வெட்கம், எனக்கும் உள்ளே கொஞ்சம் சுருக்கென்றது. முழுச் சலுகை எந்தப் பிள்ளைக்குக் கிடைத்திருக்கும் என்று அன்று சாயங்காலம் முழுக்க இருவரும் பேசிக்கொண்டிருந்தோம்.

மறுவாரம் எதையும் தேடாமல், என் சம்பளம் விழும் வங்கிக்கே குழந்தையோடு போனோம். மாதாமாதம் பணம் கட்டும் சாதாரணத் திட்டம் ஒன்றைக் கவுண்டரில் இருந்த அம்மா ஐந்தே நிமிடத்தில் சொல்லி முடித்தார். படிவத்தை நிரப்பியவர், வயதுக் கட்டத்துக்கு வந்ததும் என்னிடம் கேட்க வாய் திறந்தார். நான் சொல்வதற்குள் மனைவி முந்திக்கொண்டு பிறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டிவிட்டாள்.