ஏழு பேரோடு களம் இறங்கிய கேப்டன்

கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஓசூரிலிருந்து வந்த வண்டியின் கண்டக்டர் இறங்கி நேராக என்னிடம் வந்தார். "சார், உங்க கேப்டன் போயிட்டாருங்க. காலையில கடை தெறந்து உட்கார்ந்தவரு, அப்படியே சாஞ்சிட்டாராம்" என்றார். அதே வண்டி ஓசூர் திரும்பும்போது ஏறிவிட்டேன். சூளகிரி தாண்டும்வரை எனக்கு அழுகை வரவில்லை. அதன் பிறகு அடக்க முடியவில்லை.

புளி மண்டி காதர் பாய் என்றால் சந்தைக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். கேப்டன் என்றால் ஓசூருக்கே தெரியும். நம் கிரிக்கெட் கிளப்பை ஆரம்பித்தவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகள். அவர்கள் காலத்தில் நம்மவர்கள் எல்லைக்கு வெளியே போன பந்தை எடுத்துக் கொடுக்கலாம், ஆடுகளத்தில் கோரைப்பாய் விரிக்கலாம், அதற்கு ஆணி அடிக்கலாம். மட்டையைத் தொட முடியாது. பிறகு ஆள் குறைந்தபோதுதான் காதர் பாய் போன்ற சிலரைச் சேர்த்துக்கொண்டார்கள். சுதந்திரம் வந்து அவர்கள் கப்பலேறியதும், கிளப்பை மூடிவிடலாம் என்று பேசியவர்கள் நம்மிலேயே உண்டு. "அது துரைங்க ஆட்டம், நமக்கெதுக்கு?" என்றார்கள். "ஆட்டம் துரைங்களோடதா இருக்கட்டும். புல்லு நம்ம புல்லுதானே?" என்று கேட்டார் பாய். அந்த ஞாயிற்றுக்கிழமையே மைதானத்தில் ஆட்டம் நடந்தது.

அவர் களத்தில் நிற்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பெங்களூர் அணிக்குக் கன்னடம் தெரியும் என்பதால், யார் எங்கே நிற்க வேண்டும் என்பதை நமக்குத் தமிழில் சொல்வார். அவர்களில் ஒரு தமிழர் இருப்பது தெரிந்தால் தெலுங்குக்கு மாறுவார். அதுவும் பலிக்காவிட்டால் உருது. ஒருமுறை நாலு மொழியும் தெரிந்த ஒருவர் பேட் செய்ய வந்துவிட்டார். பாய் இடுப்பில் கை வைத்து யோசித்துவிட்டு, "இவருக்கு எதை மறைச்சு என்ன? லெக் சைடுல தூக்கி அடிப்பாரு, எல்லாரும் அங்க போங்க" என்று உரக்கவே சொன்னார். அந்த மனிதர் சிரித்து முடிப்பதற்குள் அவுட் ஆகிவிட்டார்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது முனியப்பன் வந்த வருஷத்தைப் பற்றி. கல்லுடைக்கும் வேலை செய்தவர் முனியப்பன். சேரியிலிருந்து வந்தவர். அவர் கையிலிருந்து புறப்படும் பந்தைப் போல ஒன்றை நம் மைதானம் அதுவரை பார்த்ததில்லை. அவரைச் சேர்ப்பதில் யாருக்கும் தடையில்லை. தடை சாப்பாட்டில் வந்தது. பெங்களூர் அணியோடு ஆட்டம் என்றால் மதியம் எல்லோருக்கும் ஒரே பந்தி. ஆட்டத்துக்கு முந்தின மாலை, ஜவுளிக் கடை நாகராஜப்பா எழுந்தார். நம்முடைய மிகச் சிறந்த ஸ்லிப் ஃபீல்டர் அவர்தான்.

"ஆடட்டும் பாய், நான் வேண்டாங்கல. சோறு மட்டும் அவனுக்குத் தனியா வெச்சிடலாம்."

பாய் கோபப்படவில்லை. "அவன் தொட்ட பந்து என் கைக்கு வருது. என் கையில இருந்து உங்க கைக்கு வருது. பந்துல ஒட்டாத தீட்டு சோத்துல மட்டும் எப்படிங்க ஒட்டும்?"

நாகராஜப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போனார். இன்னும் மூவர் பின்னாலேயே போனார்கள்.

மறுநாள் காலை நாங்கள் ஏழு பேர்தான். பெங்களூர்க் கேப்டன், வேண்டுமானால் ஆட்டத்தைத் தள்ளிவைக்கலாம் என்றார். முனியப்பன் பாயைத் தனியே அழைத்து, "என்னால எதுக்குங்க பாய் இவ்ளோ தொந்தரவு? நான் போயிடறேன். அவங்க வந்துடுவாங்க" என்றார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். "நீ போனா ஆறு பேராயிடும். அப்புறம் யாரு பந்து போடறது, நானா?" என்று சொல்லிப் பந்தை அவர் கையில் திணித்தார் பாய்.

ஏழு பேரும் ஓடினோம், ஓடினோம், மூச்சு வாங்க ஓடினோம். முனியப்பனின் பந்து ஸ்டம்பைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தது. ஆனால் மட்டையின் விளிம்பில் பட்ட பந்தெல்லாம் ஸ்லிப்பில் ஆளில்லாமல் பறந்தது. அப்போதுதான் வேலியோரம் நாகராஜப்பா நிற்பதைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நின்றாரோ! மற்றொரு பந்து அதே வழியில் போனபோது அவரால் பொறுக்க முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே நடந்து வந்தார். கூட இன்னொருவரும் வந்தார்.

பாய் அம்பயரிடம் திரும்பி, "எங்க ஆளுங்கதான். கொஞ்சம் தாமதமாயிடுச்சு" என்றார். பிறகு நாகராஜப்பாவைப் பார்த்து, "ஸ்லிப் காலியா இருக்குங்க" என்றார். அவ்வளவுதான். சிறிது நேரத்தில் தரையைத் தொடாமல் தாழப் பறந்து வந்த ஒரு பந்தை நாகராஜப்பா விழுந்து பிடித்தார். எழுந்து, பந்தைப் பாயிடம் எறியவில்லை. நேராக முனியப்பனின் கைக்கு எறிந்தார்.

அந்த ஆட்டத்தில் தோற்றோம். மதியம் ஒரே பந்தியில் சித்ரான்னம் சாப்பிட்டோம். நாகராஜப்பா கடைசி இலையில்தான் உட்கார்ந்தார், ஆனால் உட்கார்ந்தார். போன நால்வரில் இருவர் திரும்பி வரவே இல்லை. அவர்களைப் பற்றிப் பாய் ஒருநாளும் ஒரு சொல் குறைவாகப் பேசிக் கேட்டதில்லை.

பாய் இறந்த அன்று நான் ஓசூர் போய்ச் சேர்ந்தபோது, பள்ளிவாசலிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள். முன்பக்கம் அவருடைய மகன்கள். பின்பக்கம் ஒரு தோள் முனியப்பனுடையது, மறு தோள் நாகராஜப்பாவுடையது. கடைத்தெரு முழுக்கக் கதவடைத்து நின்றது. ஒரு நகரக் கிளப்பின் கேப்டனுக்கு வேறெந்த ஊர் இப்படி நின்றிருக்கும் என்று நினைத்து, துக்கத்திலும் நெஞ்சு நிமிர்ந்தது எனக்கு.

அவரிடமிருந்து எனக்கு மட்டை பிடிக்கக் கடைசிவரை சரியாக வரவில்லை. வந்தது வேறொன்று. சொத்துத் தகராறில் முறைத்துக்கொண்டு போன என் தம்பி, பல வருஷம் கழித்துப் போன பொங்கலன்று வாசலில் வந்து நின்றான். கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. ஒன்றையும் கேட்கவில்லை. "இலை போட்டாச்சு, கை கழுவிட்டு வா" என்றேன். அவன் உள்ளே வந்தான்.