தோட்டத்தில் விளைந்த உப்பு

கொளஞ்சியம்மாள் போட்ட தோட்டங்களில் செடிகள் எல்லாம் மேட்டில் இருக்கும். நடைபாதை முழங்கால் ஆழப் பள்ளத்தில் போகும். மரக்காணம் பக்கம் ஈசிஆரில் பத்துப் பன்னிரண்டு கெஸ்ட் ஹவுஸில் இதைப் பார்த்துவிட்டேன். ஏன் இப்படி? வாஸ்து என்றார் ஒருவர். வாஸ்துவாவது, மண்ணாங்கட்டியாவது! காரணம் தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நேரே கொளஞ்சியம்மாளிடமே போய்க் கேட்டேன்.

"அத ஏன் கேக்குறீங்க, மொதல் தோட்டத்துல என் மானமே போச்சு," என்று தலையில் அடித்துக்கொண்டார்.

எட்டு வருடத்துக்கு முன்பு வரை அவர் உப்பளத்தில் கூலிவேலை செய்தவர். இருபது வருடம் உப்புத் தண்ணீரில் நின்ற கால். வெடிப்பு ஆறவே ஆறாது. அப்போது சென்னைக்காரர் பிரபாகரன், உப்பளத்தை ஒட்டி கெஸ்ட் ஹவுஸ் கட்டினார். வைத்த செடியெல்லாம் கருகிப்போனது. "நான் போட்டுத் தர்றேன் சார்," என்று போய் நின்றார் கொளஞ்சியம்மாள். என்ன துணிச்சல் பாருங்கள்! செடி வளர்த்த அனுபவம் வீட்டு முருங்கையோடு சரி.

உப்பள மேஸ்திரி சிவஞானம் கறாராகச் சொல்லிவிட்டார்: "பொங்கலுக்குள்ள வந்துடு. இல்லன்னா வேற ஆளப் போட்டுடுவேன்." தோட்டம் சொதப்பினால் மறுபடி அந்தத் தண்ணீரில்தான் கால் வைக்க வேண்டும்.

உப்புப் பாத்தி போடும்போது தரையைக் காலால் மிதித்து மிதித்து, தண்ணீர் உள்ளே இறங்காதபடி கெட்டியாக்குவார்கள். புல்தரைக்கும் அதையே செய்தார். கரை கட்டி, மட்டம் பார்த்து, பத்து நாள் மிதி. மேலே புல் பதித்தார். ஒரு மழை பெய்தது. தண்ணீர் அப்படியே தேங்கியது. மண்ணிலிருந்த உப்பெல்லாம் கரைந்து, நாலு நாள் வெயிலில் தண்ணீர் வற்றியபோது, தோட்டம் முழுக்க வெள்ளை வெளேரென்று உப்பு!

"தோட்டம் போடச் சொன்னா உப்பளம் போட்டு வெச்சிருக்கீங்களே!" என்று பிரபாகரன் கத்தினார்.

கொளஞ்சியம்மாள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பதித்த புல் செத்துக் கிடந்தது. சுற்றிக் கட்டிய கரையின் மேல் மட்டும் அருகம்புல் தானாக முளைத்திருந்தது. அடடா, இத்தனை வருடம் உப்பள வரப்பில் நடந்தும் இது கண்ணில் படவில்லையே!

"பொங்கல் வரைக்கும் டைம் குடுங்க சார்," என்று கெஞ்சினார். மிதித்த தரையைக் கொத்திக் கிளறினார். பாதைக்குத் தோண்டிய மண்ணை மேடாக்கி, எருவும் மணலும் கலந்தார். ஐப்பசி மழை மேட்டிலிருந்த உப்பைக் கழுவிப் பள்ளத்தில் இறக்கியது. அந்த உப்புத் தண்ணீர் அங்கிருந்து அவர் வெட்டிய வாய்க்கால் வழியே வெளியேறியது. மார்கழியில் மேடெல்லாம் புல், அரளி, நித்தியகல்யாணி.

போகியன்று வந்த பிரபாகரன் அந்தப் பள்ளத்துப் பாதையில் மூன்று சுற்று நடந்தார். "கூனிமேட்டுல என் ஃப்ரெண்டு வீடு கட்டுறார். அவருக்கும் நீங்களே ப்ளான் சொல்லிடுங்க," என்றார்.

கொளஞ்சியம்மாள் அங்கேயே நின்று சிவஞானத்துக்குப் போன் போட்டார். "ஏம்பா, இனிமே நான் வேலைக்கு வரல."

"என்னா, தோட்டக்காரியா ஆயிட்டியா?"

"தண்ணி ஊத்துறவ இல்லப்பா. தோட்டம் எப்டி இருக்கணும்னு சொல்றவ."

போனை வைத்ததும் அந்தப் புல்லிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாராம்.