பெரிய டயரும் பழைய பிரேக்கும்

ரப்பர் தோட்டத்துச் சேற்றில் சிக்காமலிருக்க என் பிக்கப்புக்குப் பெரிய டயர் போட்டேன். "டயரு பெருசானா பிரேக்கையும் மாத்தணுமாக்கும்," என்றார் மெக்கானிக். அப்புறம் பார்க்கலாமென்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் வெள்ளறடை இறக்கத்தில், சர்ச்சிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் ரோட்டைக் கடந்தார். பிரேக்கை முழுக்க மிதித்தும், வண்டி அவரை இடித்த பிறகுதான் நின்றது. உயிர் பிழைத்தார், ஆனால் வலது காலை முட்டுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பெரிய டிஸ்க் பிரேக் மாட்டிய பிறகே அவர் வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் வந்தது. கட்டிலில் இருந்தபடி, "இப்ப வண்டி நிக்குமா மக்கா?" என்று கேட்டார்.

"நிக்கும்," என்றேன்.

தலையாட்டிவிட்டு, சாயா போடும்படி மனைவியிடம் சொன்னார்.

இப்போது லேசாக மிதித்தாலே வண்டி நிற்கிறது. அந்த இறக்கத்தில் மட்டும், ரோடு காலியாகக் கிடந்தாலும், வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி முன்னால் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.