அலையரசரின் ஓய்வு ஆராய்ச்சி

"அண்ணே, இவர் தூங்கிட்டார்."

"கண்ணைத் திறந்துக்கிட்டு சும்மா படுங்கன்னு சொன்னேன். சும்மாதான் படுத்திருக்கார்."

"அலையைப் பாருங்க, மெதுவா பெருசா வருது. மைக்ல குறட்டையே கேக்குது."

"அது ஸ்கேனர் சத்தம். உனக்கு எதுலயும் ஒரு நொட்டை."

இப்படிச் சொன்னவர் என் பெரியப்பா மகன். மூளை ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். வருபவர்களின் தலையில் எலக்ட்ரோடு தொப்பி மாட்டி ஜெல் வைப்பேன். பிறகு அவர்களை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, மின் அலைகளையும் மூளைப் படங்களையும் ஒரே நேரத்தில் பதிவு செய்வோம். சும்மா இருக்கும்போதும் மூளையின் சில பகுதிகளின் இயக்கம் சேர்ந்தே ஏறி இறங்கும். அந்த வலையமைப்புக்கும் அலைகளுக்கும் என்ன தொடர்பு என்பதே கேள்வி.

கேள்வி நல்லதுதான். கேட்டவர்தான் சரியில்லை. 'அலையரசர்' என்று கூடத்தில் கேலி செய்தார்கள். அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார். அலைப் பதிவைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார். கடைசியில் கணினி தரும் வண்ணப் படம் போதும். சின்ன வயதிலிருந்தே தப்பே செய்யாதவர். தப்பு நடந்தால் அது பக்கத்தில் இருப்பவர் செய்தது. வயிறு நிறைந்தால்தான் மூளை ஓய்வெடுக்கும் என்று, எல்லோருக்கும் சாப்பாடு போட்டே படுக்கவைத்தார். உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு. அது இவருக்குத் தெரியவில்லை.

அந்த ஆண்டு துறைத்தலைவர் பதவி காலியானது. அலைக்கும் வலையமைப்புக்கும் உறுதியான தொடர்பைக் காட்டினால் பதவி அவருக்கு. காட்டிவிட்டார். பெரியம்மா சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லியாயிற்று.

விழித்திருந்தவர்களை மட்டும் பிரித்து நான் கணக்குப் போட்டேன். தொடர்பைக் காணோம். தூங்கியவர்களிடம் மட்டும் மலைபோல நின்றது.

"தூங்குறவன் மூளையும் மூளைதானே?" என்றார்.

"அப்போ தூக்கம்னு எழுதுங்க அண்ணே."

"ஓய்வுன்னு எழுதினாத்தான் மதிப்பு. உனக்குப் பொறாமை."

தேர்வுக்குழு ஆய்வை ஒப்புக்கொண்டது. ஆனால் மறுநாள் தங்கள் கண்முன்னே புதிதாக ஒருவரிடம் அதே தொடர்பைக் காட்டச் சொன்னது. அன்று மாலை அவர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். என்னிடம் அவர் குரலைத் தணித்துப் பேசியது அதுவே முதல்முறை.

"நாளைக்கு ஸ்கேனர்ல நீயே படுத்துடும்மா. வெளியாளை நம்ப முடியாது."

நான் கையிலிருந்த ஜெல் குப்பியை மூடிவைத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு. இன்னைக்கு ராத்திரி மட்டும் கண்ணு மூடாம இருந்துட்டு வா."