அழுகாத அடுக்கு

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் என் வீட்டுக்காரருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். பருவம் தொடங்கினால் பழுக்க வைக்கும் முதல் அடுக்கை அவர்தான் போட வேண்டும். தரையில் வைக்கோல் பரப்பி, காய்களை வரிசையாக அடுக்கி, மேலே மறுபடி வைக்கோல் போட்டு மூடுவார். அவர் கை வைத்தால்தான் அந்த வருஷம் வியாபாரம் நடக்கும் என்று முதலாளி பாய்க்கு அப்படியொரு நம்பிக்கை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் ஒரு பருவத்தில் மழை விடாமல் பிடித்து, மண்டிக் கூரை ஒழுகி, அவர் போட்ட அடுக்கு முழுக்க அழுகிப்போனது. எல்லா மண்டியிலும்தான் அழுகியது. ஆனால் இவர் மட்டும் தன் கை கெட்டுவிட்டது என்று வீட்டு மூலையில் படுத்துவிட்டார். மாதக்கணக்கில் சவரம் இல்லை, சரியான பேச்சு இல்லை. சோறு போட்டால், "இது ஒத்துக்காது" என்பார். ஒத்துக்கொண்டால், "நாளைக்குத் தெரியும்" என்பார். நல்லது நடந்தால் அவருக்கு அது ஏதோ தவறி நடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுத்த நிமிஷமே அழுகையும் வரும். அந்த மனுஷன் வேண்டுமென்றா அப்படிக் கிடந்தார்?

அடுத்த பருவமும் வந்தது. இதையும் விட்டால் இவர் எழுந்திருக்கவே மாட்டார் என்று பயந்து செத்தேன். நல்லவேளை, பாய் வீட்டுக்கே வந்தார்.

"தம்பி, நீ வந்து கை வெச்சாத்தான் அடுக்கு போடுவேன். இல்லைன்னா காயெல்லாம் கூடையிலயே கிடக்கட்டும்."

"அழுகிடும் பாய்."

"அழுகட்டும்யா! என் காய்தானே?"

நான் சட்டையை எடுத்து அவர் மேல் போட்டேன். "கெளம்புங்க. இல்லைன்னா நானே வந்து அடுக்கறேன். மண்டியே சிரிக்கட்டும்" என்றேன். போனார். அடுத்தடுத்து இரண்டு அடுக்குகள் போட்டார்.

முதல் அடுக்கைப் பிரிக்கும் அன்று நானும் கூடவே போனேன். செந்தூராப் பழம் தளதளவென்று பழுத்திருந்தது. ஒன்றுகூட அழுகவில்லை. எனக்கு அங்கேயே குதிக்கலாம் போல இருந்தது. அவர் முகமோ செத்துப்போனது.

"யாரு போட்டாலும் நாலு அழுகும் பாய். பொறுக்கி எடுத்துட்டு எனக்குக் காட்டறீங்களா?"

பாய் தலையைக் குனிந்துகொண்டார். இவர் மனசு நோகக் கூடாதென்று காலையிலேயே வந்து அழுகலை எல்லாம் வெளியே கொட்டியிருக்கிறார்!

"பாவம் பாத்துத்தான் செஞ்சேன் தங்கச்சி" என்றார் என்னிடம்.

"நல்லாப் பாத்தீங்க பாவம்! ஏற்கனவே எதையும் நம்பாத மனுஷன். இனிமே நான் தலைகீழா நின்னாலும் நம்புவாரா?" என்று கத்திவிட்டேன். தங்கமான மனிதர் பாய். ஆனாலும் என்னால் அடக்க முடியவில்லை.

இவர் எங்கள் இருவரையும் பார்க்காமல் இரண்டாவது அடுக்கைக் காட்டினார். "அதை யாராவது தொட்டீங்களா?"

"அல்லா மேல ஆணை, தொடல."

குந்தி உட்கார்ந்து, தானே வைக்கோலை விலக்கினார். முதலில் கையில் வந்ததே அழுகல். "பாத்தியா?" என்றார் என்னிடம். இன்னும் விலக்கினார். அங்கங்கே ஒன்றிரண்டு அழுகல், மற்றதெல்லாம் நல்ல பழம். பழைய பழக்கத்தில் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, அந்த முதல் பழத்தின் அழுகிய பக்கத்தைச் சீவி எறிந்தார். மீதியை என்னிடம் நீட்டினார்.

"இந்தப் பக்கம் நல்லாருக்கும். தின்னு."

அவர் கையால் எதையாவது வாங்கி எத்தனை மாதமாகியிருந்தது! சாறு முழங்கை வரை வழிய, அழுதுகொண்டே தின்றேன்.

வழியெல்லாம் அவர் பழைய பாட்டுத்தான். மழை இல்லாததால் பிழைத்தது, காய் நல்ல காய், தன் கையில் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"அடுத்துப் போடற அடுக்கு பாரு, மொத்தமா அழுகிடும். நாளைக்குப் போறப்ப ஒரு சாக்கு குடு, வாரிக் கொட்ட ஆகும்."

நாளைக்குப் போறப்ப! வீட்டிலிருந்ததிலேயே பெரிய சாக்காகப் பார்த்து, உதறி மடித்து, அவர் சட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன்.