நின்றுபோன எங்கள் சிஸ்டம்

எங்கள் பேராசிரியருக்குக் கேள்வித்தாளில் நம்பிக்கை கிடையாது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாதுகாப்புப் பாடத்துக்கு அவர் வைத்த கடைசிப் பரீட்சை சடுகுடு மாதிரி இருந்தது. இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு சின்ன ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுத வேண்டும். அதன் நினைவகத்தில் அவர் ஒரு ரகசியச் சொல்லை வைப்பார். வேறொரு ஜோடி அதை எடுக்கப் பார்க்கும். எடுத்துவிட்டால் நாங்கள் ஃபெயில்.

ஃபெயில் என்றால் ஒரு வருடம் போச்சு. ஆபீஸில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய படிப்பு விடுப்பு அதுவரை தாங்காது. படிப்பு, வேலை இரண்டில் ஒன்றை விட்டாக வேண்டும்.

நான் பயந்தாங்கொள்ளி. கேஸை அணைத்தோமா என்று லிஃப்டிலிருந்து திரும்பி ஓடுகிற ரகம். நான் எழுதிய நிரலும் என்னைப் போலவே வந்தது. நினைவகத்தில் எங்கே லேசாகச் சந்தேகம் தட்டினாலும் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவிடு என்று திரும்பின பக்கமெல்லாம் எழுதிவைத்தேன்.

என் ஜோடி இந்தத் தெலுங்கு ஊரில், மாரெட்பள்ளியிலேயே பிறந்து வளர்ந்து உருது கலந்து பேசும் தமிழச்சி. "கைக்கு, எதுக்கு இவ்ளோ பயம்? இத்தனை செக் நக்கோ பா, வேண்டாம், சிஸ்டம் நகரவே மாட்டேங்குது," என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

பரீட்சையன்று எதிர் ஜோடி காலையிலிருந்து முட்டி மோதியது. சாப்பாட்டுக்குப் பிறகு அவர்களில் ஒருவர் சிரித்தார். அடுத்த கணம் எங்கள் திரை உறைந்துபோனது. எந்த விசையைத் தட்டினாலும் அசையவில்லை. ஆபீஸுக்கு என்ன சொல்வது என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

பேராசிரியர் வந்து குனிந்து பார்த்தார். ரகசியச் சொல் என்ன என்று எதிர் ஜோடியிடம் கேட்டார். இருவரும் விழித்தார்கள். உள்ளே நுழைய வழி கண்டுபிடித்திருந்தார்கள்தான். ஆனால் நுழைந்ததுமே சிஸ்டம் சந்தேகப்பட்டு நின்றுவிட்டதால் படிக்க எதுவும் கிடைக்கவில்லை. நின்றுபோன சிஸ்டத்தை மறுபடி ஓடவைக்கலாம், வெளியே போன ரகசியத்தைத் திரும்ப வாங்க முடியாது என்று தெலுங்கும் ஆங்கிலமுமாகச் சொல்லிவிட்டு அவர் அடுத்த மேசைக்குப் போனார்.

"பாஸ் பா," என்று என் முதுகில் ஓங்கித் தட்டினாள் ஜோடி. அப்பாடா என்றிருந்தது. அழுகையும் வந்தது.

வெளியே வந்து கணவருக்கு ஃபோன் செய்தேன்.

"சிஸ்டம் தாங்குச்சாம்மா?"

"இல்லைங்க, படுத்துருச்சு."

"சரி, விடு. வேலையை விட்டுட்டு அடுத்த வருஷம் படி. பார்த்துக்கலாம்."

"வேண்டாங்க," என்றேன். "படுத்ததாலதான் பாஸ்."